கருவாடு போட்டால் கோழி முட்டை வைக்குமா?

நாட்டுக்கோழி வளர்க்கும் வீட்டில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இந்தக் கேள்வி எழும். போன வாரம் வரை ஒழுங்காக முட்டை வைத்த கோழி நிறுத்திவிடுகிறது. தீனி தின்கிறது, குப்பையைக் கிளறுகிறது, நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை. கூடையில் முட்டை மட்டும் இல்லை. விஷயம் தெரிந்ததும் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "கருவாட்டுத் தலையை இடிச்சுப் போடு தாயி, நாலு நாள்ல வெச்சிரும்" என்பார் ஒரு பாட்டி. வரமிளகாய் விதையைத் தவிட்டோடு பிசைந்து போடச் சொல்வார் இன்னொருவர். வெந்தயம், பூண்டு, மஞ்சள், முருங்கைக்கீரை, சுண்ணாம்புத் தண்ணீர், இடித்த முட்டை ஓடு, கரையான் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

இந்த வைத்தியங்கள் பல நேரம் பலித்தும் விடுகின்றன என்பதுதான் புதிர். கருவாடு போட்ட வீட்டில் ஐந்தாம் நாள் முட்டை. மிளகாய் விதை போட்ட வீட்டிலும் ஐந்தாம் நாள் முட்டை. மிளகாயில் இருப்பது கருவாட்டில் இல்லை, கருவாட்டில் இருப்பது மிளகாயில் இல்லை. பிறகு எப்படி இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன? இந்த நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து 'ஷெரிடன்ஸ் கண்டிஷன் பவுடர்' என்ற தூள், கோழியை முட்டை வைக்கச் செய்யும் என்ற விளம்பரத்தோடு டப்பா டப்பாவாக விற்றது.

விடை வேண்டுமென்றால் அடுப்படியைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுக் கோழியின் வயிற்றுக்குள் போக வேண்டும்.

நாளை வரும் முட்டைக்கு வயது பத்து நாள்

கோழியின் உடலில் இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலை செய்கிறது. முட்டை வைக்கும் பருவத்தில் அதைப் பார்த்தால், கடுகளவிலிருந்து நெல்லிக்காய் அளவுவரை மஞ்சள் கருக்கள் ஒரு கொத்தாகத் தொங்கும். குழம்புக்குக் கோழி அறுக்கும்போது இந்த முட்டைக் கொத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். மிகச் சிறிய கரு ஒன்று வேகமாக வளரத் தொடங்கி முழு அளவை எட்டுவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும்.

முழுதாக வளர்ந்த கரு சூலகத்திலிருந்து விடுபட்டு, முட்டைக்குழாய் என்ற நீண்ட பாதையில் இறங்குகிறது. முதல் மூன்று மணி நேரத்தில் அதன்மேல் வெள்ளைக்கரு படிகிறது. அடுத்த ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில், உரித்த முட்டையில் நாம் பார்க்கும் மெல்லிய தோல்கள் உருவாகின்றன. பிறகு ஓடு கட்டும் அறைக்குப் போய்ச் சேருகிறது. இதை ஓட்டுப்பை என்று வைத்துக்கொள்வோம். அங்கே மட்டும் ஏறக்குறைய 20 மணி நேரம். எல்லாம் சேர்த்து 24 முதல் 26 மணி நேரத்தில் முட்டை வெளியே வருகிறது.

இப்போது பாட்டியின் கருவாட்டுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை கருவாடு போட்டு வியாழக்கிழமை முட்டை வந்தால், அந்த முட்டையின் மஞ்சள் கரு கருவாட்டுக்கு முன்பே வளர ஆரம்பித்திருக்க வேண்டும். கருவாடு போட்டபோது அது பாதிக்கு மேல் தயார். அந்த முட்டை வரப்போவது கோழியின் உடலில் ஏற்கெனவே முடிவாகிவிட்ட காரியம்.

ஆகவே நாலு நாளில் பலித்த வைத்தியத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அதற்காகக் கருவாடே பயனற்றது என்று தள்ளிவிடவும் முடியாது. அதன் பயன் வேறு வழியில் வருகிறது.

ஒரு முட்டையின் செலவுக் கணக்கு

ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டையை எடுத்துக்கொண்டு, அதைச் செய்ய என்னென்ன செலவாகிறது என்று பார்ப்போம். எடை 45 கிராம். இதில் ஓடு ஏறத்தாழ 4.5 கிராம். ஓட்டில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் கார்பனேட். அதிலுள்ள கால்சியத்தை மட்டும் பிரித்தால் 1.7 கிராம் தேறும். ஓட்டுக்குள் இருக்கும் 40 கிராமில் 30 கிராம் வெறும் தண்ணீர். புரதம் 5 கிராம், கொழுப்பு 4 கிராம்.

இந்தக் கோழிக்கு வீட்டில் கேழ்வரகு மட்டும்தான் தீனி என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 80 கிராம் தின்கிறது. கேழ்வரகில் கால்சியம் அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். தானியங்களுக்குள் அது உண்மைதான். 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. 80 கிராமில் 280 மில்லிகிராம் கிடைக்கும். வரவு 0.28 கிராம், ஓட்டின் செலவு 1.7 கிராம். தின்றதெல்லாம் உடலில் சேர்ந்தால்கூட ஆறு நாள் கேழ்வரகு ஒரு நாள் ஓட்டுக்குத்தான் காணும்.

புரதமும் இடிக்கிறது. 80 கிராம் கேழ்வரகில் 6 கிராமுக்குள்தான் புரதம். முட்டைக்கு 5 கிராம் போனால், நடக்க, இறகு வளர, உயிர் வாழ மிச்சம் ஏது? தானியப் புரதத்தில் மெத்தியோனின் என்ற கூறு வேறு குறைவு. இது குறைந்தால் மற்றக் கூறுகள் எவ்வளவு இருந்தாலும் கோழியால் முழுதாகப் பயன்படுத்த முடியாது.

சோறு போட்டால் நிலைமை இன்னும் மோசம். 100 கிராம் சோற்றில் புரதம் 3 கிராமைத் தொடாது. கால்சியம் இருக்கிறது என்று சொல்வதற்கே இல்லை. முருங்கைக்கீரையில் கேழ்வரகுக்கு இணையான கால்சியம் உண்டு, நல்ல சத்துகளும் உண்டு. ஆனால் ஒரு கோழி எத்தனை கைப்பிடி கீரை தின்றுவிடும்?

சுண்ணாம்புத் தண்ணீரையும் கணக்குப் பார்த்துவிடலாம். சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்த நீரில் லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம்கூட இருக்காது. அதற்கு மேல் சுண்ணாம்பு நீரில் கரையாது. கோழி ஒரு நாளில் 200 மில்லி குடித்தால் 0.2 கிராமுக்கும் குறைவாகவே கிடைக்கும். ஒரு முட்டை ஓட்டில் பத்தில் ஒரு பங்கு. தெளியாத சுண்ணாம்பைக் கலக்கி வைத்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். தண்ணீர் கரிப்பதால் கோழி குடிப்பதையே குறைத்துக்கொள்ளும். முட்டையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அது நேரடியாக முட்டையைப் பாதிக்கும்.

இனி முட்டை ஓடு. இடித்த ஓடு ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 5 கிராம். அதில் கால்சியம் 1.9 கிராம். கோழியின் குடல் இதில் பாதி அளவைத்தான் உறிஞ்சும். இரண்டு தேக்கரண்டி கொடுத்தால் ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஈடாகிவிடும். இதுவரை பார்த்த அடுப்படிப் பொருள்களில் கணக்கை நேர் செய்யும் முதல் பொருள் இதுதான். கிளிஞ்சலை இடித்துப் போட்டாலும் இதே பலன்.

புரதப் பக்கத்தைக் கருவாடு சரிசெய்கிறது. 10 கிராம் கருவாட்டில் ஏறக்குறைய பாதி புரதம். தானியத்தில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் மீனில் தாராளம். நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு இடித்தால் கொஞ்சம் கால்சியமும் சேரும். கூடவே உப்பு. கோழிக்குச் சிறிதளவு உப்பு அவசியம். உப்புச் சத்தை அடியோடு நீக்கினால் முட்டை சட்டென்று குறைந்துவிடும். அதிகமானால் கழிச்சலும் சாவும் வரும். அதனால் கருவாட்டை ஊறவைத்து, கழுவி, உலர்த்தி இடித்துக் கொடுப்பதே நல்லது. பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, கவிழ்த்து வைத்துக் கரையான் பிடித்துப் போடுவார்களே, அதுவும் புரதத்துக்கான வழிதான். அந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர்களை நான் மனமார மதிக்கிறேன். மேய்ந்து திரியும் கோழி இந்தப் பாக்கியைப் புழு, பூச்சி, நத்தை என்று தானே தேடி அடைத்துக்கொள்கிறது. கூட்டிலேயே அடைத்து வளர்க்கும் கோழிக்கு அந்த வழி இல்லை.

ஓடு இரவில் கட்டப்படுகிறது

ஓட்டுப்பையில் முட்டை இருக்கும் 20 மணி நேரத்தில் பெரும்பகுதி இரவு. அப்போது கோழி தின்பதில்லை. அப்படியென்றால் நள்ளிரவில் கால்சியம் எங்கிருந்து வருகிறது?

கோழியின் கால் எலும்புகளுக்கு உள்ளே, முட்டை வைக்கும் பருவத்தில் மட்டும் ஒரு தனி எலும்பு வளர்கிறது. இதைச் சேமிப்பு எலும்பு எனலாம். சேவலில் இது கிடையாது. பகலில் தீனியிலிருந்து கிடைக்கும் கால்சியம் இங்கே சேர்கிறது, இரவில் கரைந்து இரத்தம் வழியாக ஓட்டுக்குப் போகிறது. தொடர்ந்து கால்சியம் கிடைக்காத கோழி தன் மற்ற எலும்புகளையும் கரைக்க ஆரம்பிக்கும். ஓடு மெலியும், தோல்முட்டை வரும், கடைசியில் முட்டையே நிற்கும். காலை ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிடும் கோழிகளும் உண்டு.

இதனால்தான் ஓட்டை மாவாக அரைக்காமல், பச்சரிசிக் குருணை அளவுக்கு நொறுக்கிப் போட வேண்டும். சிறு துண்டுகள் அரைவைப்பையில் தங்கி, இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மாவு சீக்கிரம் கடந்து போய்விடும். கொடுக்கச் சரியான நேரம் சாயங்காலம், கூட்டில் அடைவதற்கு முன். ஓட்டைக் கழுவி வாணலியில் நன்றாக வறுத்துவிட்டால் கிருமி சாகும். வறுத்து நொறுக்கிய பிறகு அது முட்டைபோலத் தோன்றாது என்பதால், கோழி தன் முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகும் ஆபத்தும் குறைகிறது. தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். ஓடு கட்டும் கோழி தேவையை உணர்ந்து தானே எடுத்துக்கொள்ளும்.

தோல்முட்டை வைக்கும் கோழிக்கு இந்த வைத்தியம் ஓரிரு நாளிலேயே பலன் காட்டும். இங்கே வேகத்தைச் சந்தேகிக்க வேண்டாம். ஓடு ஒவ்வொரு இரவும் புதிதாகக் கட்டப்படுவதுதானே.

தவிட்டின் பெருமை

சோற்றையும் தவிட்டையும் பற்றி ஒரு பழைய கதை. இன்றைய ஜகார்த்தா அன்று பட்டாவியா. 1890களை ஒட்டி டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மான் அங்கே பெரிபெரி நோயை ஆராய்ந்தார். அவர் ஆய்வுக்கூடக் கோழிகளுக்கு ராணுவ மருத்துவமனைச் சமையலறையிலிருந்து தீட்டிய அரிசிச் சோறு வந்தது. கோழிகளும் பெரிபெரி வந்தவர்களைப் போலவே கால் விளங்காமல் சாய்ந்தன. பிறகு வந்த புதிய சமையல்காரர் ராணுவ அரிசியைக் கோழிக்குத் தர மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. தீட்டும்போது போகும் தவிட்டில்தான் மருந்து இருந்தது. இன்று அதைத் தயமின் அல்லது வைட்டமின் பி1 என்கிறோம். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது. மிஞ்சிய வெள்ளைச் சோற்றை மட்டும் நம்பிக் கோழி வளர்ப்பவர்கள் அதோடு ஒரு கை தவிடு சேர்த்துப் பிசைவது நல்லது.

மிளகாய் கோழிக்கு உறைக்காது

மிளகாயின் காரத்தை நம் நாக்கு உணர்வதற்கு நரம்பு முனையில் ஒரு புரதம் இருக்கிறது. பறவைகளிலும் அது உண்டு, ஆனால் மிளகாயின் காரப்பொருள் அதைத் தூண்டுவதில்லை. 2002இல் ஆய்வாளர்கள் ஸ்வென்-எரிக் ஜோர்டும் டேவிட் ஜூலியஸும் கோழியின் புரதத்தை வைத்தே இதைக் காட்டினார்கள். "மிளகாய் சூடு, சூடு ஏறினால் முட்டை வைக்கும்" என்ற விளக்கம் கோழிக்குப் பொருந்தாது.

மிளகாய் செய்யும் வேலை வேறு. அதன் சிவப்பு நிறமிகள் மஞ்சள் கருவுக்குப் போய், கருவை ஆரஞ்சு நிறமாக்கும். பார்ப்பவர்கள் சத்து கூடிவிட்டது என்று நினைப்பார்கள். அமெரிக்காவில் பால்மரும் கெம்ப்ஸ்டரும் 1919இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நிறமிகள் இல்லாத தீனியிலேயே கோழிகளைக் குஞ்சிலிருந்து வளர்த்தார்கள். கோழிகள் வளர்ந்து முட்டையும் வைத்தன. கருவில் நிறம்தான் இல்லை. ஒரு சிட்டிகை மிளகாயால் கெடுதல் எதுவும் வராது, முட்டை எண்ணிக்கையும் கூடாது. மஞ்சளையும் வெந்தயத்தையும் பூண்டையும் முட்டை வரவழைக்கும் மருந்தாக நம்பக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. ஒரு முட்டைக்கு வேண்டிய 5 கிராம் புரதத்தையும் 1.7 கிராம் கால்சியத்தையும் ஒரு சிட்டிகைத் தூளால் தர முடியாது.

வைத்தியமா, நாள்காட்டியா?

நாட்டுக்கோழி தொடர்ந்து முட்டை வைப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு முட்டை வைக்கும், அடைக்கு உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல் குஞ்சுகளோடு திரியும். குஞ்சுகளைக் கொத்தி விரட்ட ஆரம்பித்தபின் மறுபடி கேறும், முட்டை வைக்கும்.

வீட்டுக்காரர் எப்போது வைத்தியம் தேடுவார்? குஞ்சு பொரித்த மறுநாள் தேடமாட்டார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்து, "இன்னும் வைக்கலையே" என்று மனம் சலித்த பிறகே தேடுவார். அதாவது, கோழி தானாக முட்டை வைக்கத் தயாராகும் வாரத்தில் மிளகாய் விதை உள்ளே போகிறது. ஐந்தாம் நாள் முட்டை வருகிறது. புகழ் மிளகாய்க்குப் போய்விடுகிறது. பலிக்காத வீட்டில் அடுத்த வாரம் வெந்தயம் போடுவார்கள், அப்போது வந்தால் பெயர் வெந்தயத்துக்கு. கடைசியாக எதைப் போட்டார்களோ அதுவே மருந்தாகிவிடுகிறது.

1948இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் பசித்த புறாக்களை வைத்து ஒரு சோதனை செய்தார். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தீனி தானாக வரும். எட்டுப் புறாக்களில் ஆறு தமக்கென ஒரு சடங்கைப் பழகிக்கொண்டன. ஒன்று வட்டமடித்தது, இன்னொன்று கூண்டின் மூலையில் தலையை முட்டியது. தீனி வந்தபோது தற்செயலாகச் செய்துகொண்டிருந்த செயலையே அவை திரும்பத் திரும்பச் செய்தன. மனித மனமும் இந்தக் கண்ணியில் விழக்கூடியதுதான்.

உண்மையை அறிய ஆறு கோழிகள் இருந்தால் போதும். ஒரே வயதுக் கோழிகளைச் சீட்டுப் போட்டு மூன்று மூன்றாகப் பிரியுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தீனி. ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்தியம். இரண்டு மாதம் முட்டைகளைக் காலண்டரில் குறித்து வாருங்கள். பிறகு வைத்தியத்தை அடுத்த பக்கத்துக்கு மாற்றி இன்னும் இரண்டு மாதம் குறியுங்கள். ஆறு கோழியில் சின்ன வித்தியாசம் புலப்படாது. ஊரார் சொல்லும் அளவுக்குப் பெரிய பலன் இருந்தால் கட்டாயம் தெரியும்.

அடையும் வெயிலும்

அடையில் உட்கார்ந்த கோழிக்குத் தீனியால் ஒன்றும் ஆகாது. அதன் இரத்தத்தில் புரோலாக்டின் என்ற இயக்குநீர், அதாவது ஹார்மோன், ஏறியிருக்கும். அது சூலகத்தை ஓயவைக்கும். வயிற்றடியில் முட்டையும் கூட்டின் கதகதப்பும் படும்வரை அது இறங்காது. முட்டைகளை எடுத்துவிட்டு, அடியில் காற்றுப் புகும் கம்பிக் கூண்டில் தீனியும் தண்ணீரும் வைத்துச் சில நாள் விட்டால் அடை தெளிந்துவிடும். தண்ணீரில் முக்குவதும் மூக்குத் துளையில் இறகைச் செருகிவிடுவதும் இன்னும் பல ஊர்களில் நடக்கின்றன. இறகு செருகுவது வெறும் வதை, அதை விட்டுவிட வேண்டும்.

முட்டை குறைந்தால் விளக்குப் போடச் சொல்லும் அறிவுரை குளிர்நாடுகளில் பிறந்தது. கோழி மண்டையோட்டைக் கடந்து மூளைக்குள் புகும் வெளிச்சத்தையும் உணர்ந்து, பகலின் நீளத்தை அளக்கிறது. லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, கோழி முட்டையை நிறுத்திவிடும். சென்னையில் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல். நமக்குப் பெரிய எதிரி சித்திரை வெயில். வெயிலில் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. ஓட்டுக்குக் கால்சியத்தோடு கார்பனேட்டும் வேண்டும். அது குறைவதால் ஓடு மெலிகிறது. 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெக்கையில் இருந்த கோழிகளுக்குக் கரியமில வாயு ஏற்றிய நீரை, அதாவது வெறும் சோடாவைக் குடிக்கக் கொடுத்தபோது ஓட்டின் தரம் மேம்பட்டது. நம் வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். நிழலும், மண்சட்டியில் அடிக்கடி மாற்றி வைக்கும் குளிர்ந்த நீரும் போதும்.

இரண்டு விரல் சோதனை

எதையும் இடிப்பதற்கு முன் கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கொண்டை சிவந்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா, அல்லது வெளிறிச் சுருங்கியிருக்கிறதா? பிறகு எச்சத் துவாரத்துக்குக் கீழே இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மெல்லிய எலும்பு முனைகளைத் தடவிப் பாருங்கள். இடையில் ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் கோழி இப்போது முட்டை வைக்கும் பருவத்தில் இல்லை. இறகு உதிர்த்துக்கொண்டிருக்கலாம், குஞ்சு வளர்த்த களைப்பு தீராமல் இருக்கலாம், வெள்ளைக்கழிச்சல் வந்து தேறியிருக்கலாம், வயதாகியிருக்கலாம். கருவாடும் தவிடும் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். இறகு பெரும்பாலும் புரதம் என்பதால் உதிர்க்கும் காலத்தில் கருவாடு வீண் போகாது.

இரண்டு விரலோ அதற்கு மேலோ தாராளமாக நுழைந்து, துவாரம் ஈரமாக விரிந்திருந்தால் கோழி முட்டை வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் கூடையில் வைக்கவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலையில் திறந்துவிட்டுப் பின்னாலேயே போய்ப் பாருங்கள். வைக்கோல் போரின் அடியிலோ, வேலிப் புதருக்குள்ளோ, பக்கத்து வீட்டு விறகு அடுக்கின் சந்திலோ எட்டுப் பத்து முட்டைகள் கிடைக்கும். எடுக்கும்போது ஒன்றை அங்கேயே விட்டுவைத்தால் கோழி இடத்தை மாற்றாது.